போதிக்க ஒருவர், அப்பம் பிட்க இன்னொருவர்

தரங்கம்பாடி மிஷனின் அன்றாடப் பாரத்தைச் சுமந்தவர்கள் உபதேசியார்கள். 1706இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த ஐரோப்பியர்களும் எப்போதும் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகைதான். ஊர் ஊராக நடந்து ஞானோபதேசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுத்ததும், நோயாளி வீட்டில் ஜெபித்ததும் உபதேசியார்களே. 1716இல் அவர்களைப் பயிற்றுவிக்கவே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது.

போதிக்கும் வேலை அவர்களுடையது. ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கக் குருப்பட்டம் வேண்டும். அந்தக் கோடு எங்கே, யாருக்காகப் போடப்பட்டது என்பதில்தான் தமிழ்த் திருச்சபை இரண்டு நூற்றாண்டு மல்லுக்கட்டியது.

1733இல் முதன்முறையாக ஒரு தமிழரைக் குருவாக்க மிஷனரிகள் முடிவெடுத்தபோது, பேசப்பட்ட பெயர்களில் ராஜநாயக்கனும் ஒருவர். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர். தமிழில் அச்சான சுவிசேஷத்தைப் படித்து மனம் மாறியவர். தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தவர். ஆனால் பிறப்பால் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றவர் கடலூரைச் சேர்ந்த வேளாளர் ஆரோன். ஆரோனின் தகுதியில் குறையில்லை. ராஜநாயக்கனோ கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

அடுத்த சிக்கல் சாதியால் வந்ததல்ல.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவை 1785இல் கோயில் எழுப்பிய சபைக்கு, மிஷனரி சுவார்ட்ஸின் உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருவானார். பட்டம் லுத்தரன் முறைப்படி. பணம் கொடுத்ததோ லண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கம். அப்போது அது உறுத்தவில்லை. அவருடைய பிரசங்கத்தை ஆங்கிலத்தில் பதிப்பிக்கும் அளவுக்கு அந்தச் சங்கம் மகிழ்ந்தது. 1814இல் கல்கத்தாவுக்கு ஆங்கிலிக்கன் அத்தியட்சர் (பிஷப்) வந்து சேர்ந்தபின் காற்று திசைமாறியது. அத்தியட்சர் கைவைக்காத பட்டம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது.

அதில் மாட்டிக்கொண்டவர் ரேனியஸ். 1820 முதல் திருநெல்வேலியில் உழைத்த இந்த ஜெர்மானியர், தாம் பயிற்றுவித்த உபதேசியார்களுக்கு லுத்தரன் முறைப்படியே பட்டம் கொடுக்க விரும்பினார். அவரை அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கம் ஆங்கிலிக்கன் முறையை வற்புறுத்தியது. அவரோ இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளை அச்சிலேயே விமர்சித்தார். 1835இல் சங்கம் அவரை விலக்கியது. உபதேசியார்களில் பலர் அவர் பக்கம் நிற்க, சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்த பிறகே பிளவு ஆறத் தொடங்கியது.

அத்தியட்சர் பதவியோ இன்னும் வெள்ளையரிடமே இருந்தது. 1912இல்தான் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, தோர்ணக்கல்லின் அத்தியட்சராகி ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ரேனியஸை விலக்கிய அதே கேள்வி மறுபடி மேசைக்கு வந்தது. அத்தியட்சர் கைவைக்காத குருமார் பலர் அந்த இணைப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு மறுபட்டம் தேவையில்லை, இனிப் பட்டம் பெறுவோர் அத்தியட்சர் கையாலேயே பெறவேண்டும் என்று ஒப்பந்தமானது.