கறுப்பு வயரில் எதற்கு இன்னொரு ஃபியூஸ்?

பழைய ஹாம் ரேடியோ செட்டோடு வரும் பவர் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவப்பு வயரில் ஒரு ஃபியூஸ் இருக்கும், கறுப்பு வயரிலும் ஒன்று இருக்கும். கரண்ட் ஒரே வட்டத்தில்தானே ஓடுகிறது? ஓரிடத்தில் அறுத்தால் போதாதா? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தந்தி, அணைக்கட்டு, கார் என்று சுற்றிவிட்டு நம்ம நாமக்கல் லாரிப் பட்டறையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஃபியூஸ் வீட்டு மின்சாரத்துக்காகப் பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்கும் முந்தையது அது. 1847இல் பிரான்சில் லூயி பிரெகே என்பவர், தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க ஒரு யோசனை சொன்னார். வெளியிலிருந்து வரும் கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். இடி விழுந்தால் அது உருகி அறுந்துபோகும், உள்ளே இருக்கும் கருவி தப்பிக்கும். அவ்வளவுதான். எடிசன் தன் மின் விநியோக முறையின் பகுதியாக ஃபியூஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1890இல்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓட ஆரம்பித்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது, அங்கே மின் உற்பத்தி 1937இல் தொடங்கியது. சேலம், நாமக்கல் சமவெளியில் கரண்ட் பரவப் பரவ, பீங்கான் ஃபியூஸ் கட்டையும் வீடு வீடாக வந்து சேர்ந்தது. பாடப் புத்தகம் 'மின் உருகி' என்றது, ஊர் 'பீஸ்' என்றது. பில் கட்டாவிட்டால் பீஸைப் புடுங்குவார்கள். செல்வாக்குப் போன ஆளுக்குப் 'பீஸ் போன பல்பு' என்று பெயர்.

இந்தப் பேச்சு வழக்கைக் கவனித்தால் ஒன்று தெரியும். பீஸ் போனதையே கோளாறு என்று நினைக்கிறோம். உண்மையில் கோளாறு வேறெங்கோ நடந்திருக்கிறது, பீஸ் தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. "அடிக்கடி போகுதுப்பா" என்று நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டால் அது போகாதுதான். அடுத்து போவது சுவருக்குள் இருக்கும் வயர்.

இப்போது ரேடியோ. இந்தியாவில் அமெச்சூர் ரேடியோ 1921இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்துவிடமிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். வால்வு காலத்து செட்டுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். டிரான்சிஸ்டர் வந்தபிறகு 12 வோல்ட் பேட்டரியே போதும் என்றானது, செட்டுகள் காருக்குள் ஏறின. இன்றைக்கும் வீட்டு மேஜையில் இருக்கும் ஹாம் செட்டின் பின்புறம் '13.8 வோல்ட்' என்று எழுதியிருப்பது அதனால்தான். இன்ஜின் ஓடும்போது கார் பேட்டரியில் கிட்டத்தட்ட அந்த அளவு வோல்டேஜ்தான் இருக்கும்.

இரண்டாவது ஃபியூஸுக்கான பதிலும் காரில்தான் இருக்கிறது. காரில் பேட்டரியின் நெகட்டிவ், பாடியோடும் இன்ஜினோடும் தடித்த எர்த் வயரால் இணைந்திருக்கும். அந்த எர்த் துருப்பிடித்தோ கழன்றோ போய்விட்டது என்று வையுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அது வேறு வழி தேடும். பாடியில் மாட்டிய ஆன்டெனா, அதன் கேபிளின் வெளி உறை, ரேடியோவின் உலோகக் கூடு, அங்கிருந்து மெல்லிய கறுப்பு வயர், பிறகு பேட்டரி. அப்படியொரு வழி கிடைத்துவிடுகிறது! ரேடியோவும் வயரும் கருகாமல் இருக்கத்தான் கறுப்பிலும் ஒரு ஃபியூஸ். கறுப்பு வயரை நேராகப் பேட்டரியில் இணைத்தால் அது தேவை. பேட்டரிக்குப் பக்கத்தில் பாடியில் எர்த் எடுத்தால் அந்த ஆபத்து இல்லை.

அப்படியானால் கையில் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போகும் செட்டுக்கு? அங்கே ஸ்டார்ட்டரும் இல்லை, கார் பாடியும் இல்லை. தனிப் பேட்டரிக்குச் சிவப்பில் ஒரு ஃபியூஸ் போதும். ஆனால் அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்பது உயிர் நிலை.

ஒரு கணக்குப் போடுவோம். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 2 மீட்டர் கேபிள். போக வர 4 மீட்டர், தடை சுமார் 0.053 ஓம். யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஏஎச் பேட்டரியின் உள்தடை 0.025 ஓம் என்று வைத்துக்கொண்டால், கேபிளின் மறுமுனையில் ஷார்ட் ஆனால் ஓடுவது சுமார் 160 ஆம்பியர். அந்த வயரில் மட்டும் 1,300 வாட்டுக்கு மேல் வெப்பம். துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸே 1,000 வாட்தான். ஃபியூஸ் ரேடியோ பக்கம் இருந்து, ஷார்ட் நடுவில் ஆனால், இந்தக் கரண்ட் ஃபியூஸைத் தொடவே தொடாது. அதனால் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது முதலில் வயரை, பிறகுதான் செட்டை. லித்தியம் பேட்டரிக்குள் பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. அதுவும் மின்னணு பாகம்தான், பழுதாகக் கூடியதுதான்.

நான் கேபிள் செய்யும்போது பார்ப்பது இவ்வளவுதான். 5 வாட் செட்டுக்கு 2, 3 ஆம்பியர் போதும், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், 5 ஆம்பியர் ஃபியூஸ். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 2.5 ஸ்கொயர் எம்எம்மில் 2 மீட்டருக்கு 0.64 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், 4 எம்எம்மில் 0.4 வோல்ட். நான் 4 எம்எம்மும் 25 ஆம்பியர் ஃபியூஸும் போடுகிறேன். 10 ஆம்பியர் ஃபியூஸ் 11 ஆம்பியரில் உடனே போய்விடாது, மணிக்கணக்கில் தாங்கும். இரு மடங்கில்தான் சில விநாடிகளுக்குள் போகும். வயரைத் தேர்வு செய்யும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உதிரிக்கு அலைய வேண்டியதில்லை. கண்ணாடிக் குழாய் ஃபியூஸுக்குப் பிறகு 1976இல் வந்த பிளேடு ஃபியூஸ்தான் இன்றைக்கு எல்லா வண்டியிலும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகளைச் சுற்றி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகள் இருக்கின்றன. ஃபியூஸ் ஹோல்டர், லக், ஸ்லீவ் எல்லாம் அங்கே கிடைக்கும். லக்கை முறையாக கிரிம்ப் செய்வதைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றாலே போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கனரக லாரிகள் 24 வோல்ட், இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். 12 வோல்ட் செட்டை நேராக மாட்டினால் செட் காலி. ஒரு பேட்டரியில் மட்டும் எடுத்தால் இரண்டும் சமமாக சார்ஜ் ஆகாமல் பேட்டரி காலி. கன்வர்ட்டர் வேண்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரன் கவலை என்று தோன்றலாம். 2004 டிசம்பரில், ஹாம்களுக்குப் பல வருடங்களாக அனுமதி கிடைக்காத அந்தமானுக்குப் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு உலக ஹாம்களோடு பேசப் போயிருந்தது. டிசம்பர் 26 காலை நிலம் ஆடியது, கடல் ஏறியது. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே செட்டுகள் தீவுகளிலிருந்து செய்தி அனுப்பும் வழியாக மாறின. அப்படி ஒரு நாளில் கைக்குக் கிடைக்கும் பேட்டரி யாருடையதோ, மாட்டுகிறவர் யாரோ. அவசரத்தில் யாரும் ஓம் கணக்குப் போடமாட்டார்கள். கேபிள் செய்தவர் அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

அதனால் கேபிள் முடிந்ததும் ஒரு பட்டைத் தாளில் வோல்ட், ஃபியூஸ் அளவு, வயர் அளவு மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஹோல்டர் பக்கத்திலேயே அதே அளவு ஃபியூஸ் இரண்டை உதிரியாகக் கட்டி வையுங்கள். உதிரி கையில் இல்லாதபோதுதான் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளும் செம்பு இழையும் அந்த இடத்துக்கு வருகின்றன.