பெற்றோல் கியூவும் சோளன் கதிரும்



2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம் ஊர்களில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கு பார்த்தாலும் பெற்றோல் கியூ. கடைசியில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அமெரிக்காவில சோளன்ல இருந்து எண்ணெய் எடுத்துக் கார் ஓட்டுறாங்களாமே. நம்மட பக்கமும் சோளன் விளையுதுதானே, நாம ஏன் செய்யல்ல?"

அன்று மணி அடித்துவிட்டது. அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று முழுமையாக எழுதுகிறோம்.

முதலில் பெயர். சோளனிலிருந்து எடுக்கும் எரிபொருள் எதனோல், அதாவது ஒரு வகை அல்ககோல். அந்தச் சொல்லே அரபியிலிருந்து போனது. 'அல்குஹ்ல்' என்றால் கண்ணுக்கு இடும் சுர்மாத் தூள். பின்னர் ஐரோப்பியர் அச்சொல்லை வடித்தெடுத்த சாரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். வடிக்கும் பாத்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயரும் 'அல்அன்பீக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி வாசனைத் திரவியங்கள் வடிப்பது பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்.

வண்டிக்கு எதனோல் ஊற்றுவது புதுமையல்ல. ஜேர்மனியின் நிக்கொலாஸ் ஒட்டோ 1860 அளவில் தன் ஆரம்ப என்ஜின் சோதனைகளை அல்ககோலில்தான் செய்தார். அமெரிக்காவில் விளக்கெரிக்கவும் அல்ககோல் பயன்பட்டது. உள்நாட்டுப் போரின்போது, 1862இல், அதன்மீது வரி விதித்தார்கள். குடிக்கிறதுக்கும் எரிக்கிறதுக்கும் ஒரே வரி. விளக்கெண்ணெயாக அது விலை போகாமல் ஒழிந்தது, மண்ணெண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. தொழிற்துறை அல்ககோல் மீதான அந்த வரி 1906இல்தான் நீங்கியது.

அடுத்து வந்ததுதான் பெரிய பிழை. 1920களில் கார் என்ஜின்கள் பலம் கூடக் கூட, பெற்றோல் நேரத்துக்கு முன்பே தீப்பற்றி உள்ளே தட்டத் தொடங்கியது. எதனோல் கலந்தால் அந்தத் தட்டல் நிற்கும் என்பது அப்போதே தெரியும், அதன் ஒக்டேன் அளவு 100ஐத் தாண்டும். ஆனால் தட்டலை நிறுத்தும் என்று 1921இல் கண்டறியப்பட்ட ஈயச் சேர்மம் மிகச் சிறிதளவே போதும் என்பதாலும் காப்புரிமை எடுக்கலாம் என்பதாலும் கம்பனிகள் ஈயத்தைத் தெரிவு செய்தன. பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் அந்த நஞ்சு உலகெங்கும் தெருக்களில் புகையாக வந்தது. நம் நாட்டில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

சோளனுக்குக் காலம் வந்தது 1973இல். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்காவிலும் பெற்றோல் ஷெட்களில் கியூ நின்றது. 1978இல் எதனோல் கலந்த பெற்றோலுக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள். 2005இலும் 2007இலும் கலப்பதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 1980இல் ஆண்டுக்கு 175 மில்லியன் கேலனாக இருந்த உற்பத்தி இன்று 15,000 மில்லியன் கேலனைத் தாண்டி நிற்கிறது. அங்கு சாதாரணமாக விற்கும் பெற்றோலில் பத்தில் ஒரு பங்கு எதனோல்.

இதன் நன்மைகளை மறைக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 25 கிலோ சோளனிலிருந்து 10 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக எதனோல் கிடைக்கும். மாச்சத்து மட்டுமே எரிபொருளாகப் போகும். எஞ்சும் 8 கிலோ அளவு புரதமுள்ள சக்கை மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம். டொலர் கொடுத்து வாங்கும் எண்ணெய் குறையும். விளைச்சல் கூடிய வருடத்திலும் விவசாயிக்கு வாங்க ஆள் இருக்கும். குறையும் உண்டு: ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். பசளையையும் டீசலையும் கணக்கில் எடுத்தால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு மிச்சம் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் தர்க்கம் இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2007 ஜனவரியில் மெக்சிகோவில் சோளன் ரொட்டி விலை ஏறியதால் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அமெரிக்க எதனோலுக்கான கேள்வியும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பக்கத்து இந்தியா பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கும் இலக்கை 2025இல் எட்டியது. ஆனால் காலங்காலமாகச் சோளன் ஏற்றுமதி செய்த அந்த நாடு 2024இல் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. கோழிப் பண்ணைக்காரர்கள் தீவன விலையால் திண்டாடினார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அம்பாறை, சோளன் விளையும் மாவட்டங்களில் ஒன்றுதான். 2018 இறுதியில் படைப்புழு வந்து அழித்ததையும் நம் விவசாயிகள் மறக்கவில்லை. ஆனாலும் நாட்டுக்குத் தேவையான அளவு சோளன் நம்மிடம் இல்லை. கோழித் தீவனத்துக்கே வெளியிலிருந்து வாங்குகிறோம். கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா சோளனிலும் சோயாவிலும் செய்யப்படுவது. பெற்றோலுக்குக் கியூவில் நின்ற அதே 2022இல் திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு. நல்ல சோளன் போதாமை அதற்கு ஒரு காரணம். கியூஆரில் கிடைத்த அந்த 4 லீற்றரில் பத்தில் ஒரு பங்கு எதனோல் கலப்பதென்றால், ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சோளன் வேண்டும். அந்த ஒரு கிலோவை யாரிடமிருந்து எடுப்பது?

நம்மிடம் வேறொன்று இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீரில் விளைந்த கரும்பை நம்பி 1960களில் ஹிங்குரான சீனித் தொழிற்சாலை இயங்கியது. 1990களில் மூடப்பட்டு, பல வருடங்களுக்குப் பிறகு மீண்டும் திறக்கப்பட்டது. சீனி எடுத்தபின் மிஞ்சும் பாகுக் கழிவிலிருந்து அங்கே எதனோல் வடிக்கிறார்கள். 2020இல் அரசாங்கம் எதனோல் இறக்குமதியைத் தடை செய்தபோது உள்ளூர் எதனோலுக்கு மவுசு வந்தது. ஆனால் உள்ளூரில் வடிப்பதில் பெரும்பகுதி போவது சாராயத்துக்கு. பெற்றோல் ஷெட்டுக்கு அல்ல. வண்டிக்குக் கலக்க வேண்டுமென்றால் அதிலுள்ள தண்ணீரை முற்றாக நீக்கும் இயந்திரமும், குடிக்க முடியாதபடி பெற்றோல் கலந்து வைக்கும் ஒழுங்கும் தேவை. பிரேசில் 1975இலிருந்து கரும்பை வைத்தே இதைச் செய்து காட்டியிருக்கிறது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே விடுகிறோம். ஆனால் குடியைக் கெடுக்கும் ஒன்று வண்டி ஓட்டப் பயன்பட்டால் அது யோசிக்க வேண்டிய விசயம்தானே.

ஆகவே அந்த மாணவனுக்கு நமது பதில்: மகன், சோளனில் வண்டி ஓடும், பொய்யில்லை. தேவைக்கு மேல் சோளன் விளைந்த நாட்டுக்கு அது இலாபம். போதாத நாட்டில் அது பிள்ளையின் திரிபோஷாவிலும் ஏழையின் முட்டையிலும் கைவைக்கும். நாம் முதலில் சோளன் விளைச்சலைக் கூட்டுவோம். எரிபொருளுக்குக் கழிவிலிருந்து தொடங்குவோம்.

கரும்புக் காணி செய்தவர்கள், ஹிங்குரானயில் வேலை பார்த்த மூத்தவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். உங்கள் ஞாபகங்களைக் கீழே எழுதுங்கள். நம் பிள்ளைகள் படிக்கட்டும். அல்லாஹ் நம் மண்ணிலும் தண்ணீரிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.