அளவுகோலுக்குத் தெரியாத அழுத்தம்: குமரி ரப்பரும் வாகன உதிரிபாக வடிவமைப்பும்

வெளிநாட்டாரிடம் தமிழகம் வாகன உதிரிபாகத் தொழிலைக் கற்ற வரலாற்றை நாம் பெரும்பாலும் உற்பத்தித் தரத்தின் வரலாறாகவே சொல்லி வருகிறோம். அதற்கு நியாயம் உண்டு. பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தின் கூட்டோடு 1962இல் தொடங்கப்பட்ட சென்னையின் சுந்தரம் கிளேட்டன், 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் பழுதில்லாமல் செய்வது ஒரு கல்வி. ஒரு பாகம் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று அறிவது வேறொரு கல்வி. இரண்டாவதைக் கற்கத் தகுந்த இடம், ரப்பர் விளையும் குமரி மாவட்டமே என்பது என் வாதம்.

சக்கர அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே இன்னொன்று, நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். அச்சில் வெந்து ஆறும்போது ரப்பர் சுருங்கும். இருபுறமும் ஒட்டியிருப்பதால் சுருங்க இடமின்றி இழுவிசையில் நிற்கும். விரிசல் விழ இதுவே போதும். ஆகவே நல்ல தயாரிப்பாளர்கள் ஆறிய பிறகு வெளிக்குழாயை நெருக்கி அதன் விட்டத்தைக் குறைத்து, ரப்பரை அமுக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பழைய புஷ்ஷைக் கழற்றி வெர்னியரால் அளந்து அச்சுச் செய்பவருக்குக் கடைசி விட்டம் மட்டுமே கிடைக்கும். நெருக்கப்பட்ட கதையை அந்த அளவு சொல்லாது. அவர் செய்யும் புஷ் அளவில் அசலைப் போலவே இருக்கும், சீக்கிரமே கிழியும்.

இயற்கை ரப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. நீட்டும்போது அது படிகமாகி, விரிசல் வளர்வதைத் தடுக்கிறது. சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அது முழுவதும் விலகிவிட்டால் அந்தக் காப்பு குறையும். சிறிது சுமை எப்போதும் நிற்கும்படி அமைத்தால் ஆயுள் நீளும்.

இவ்வறிவைத் திரட்டியதில் கார் நிறுவனங்களுக்கு இணையான பங்கு ரப்பர் விளைவித்தவர்களுக்கும் உண்டு. 1938இல் இங்கிலாந்தில் ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சிச் சங்கம் அமைந்தது. அங்கே பணியாற்றிய ரிவ்லினும் தாமஸும் ரப்பர் கிழிவதை ஆற்றலின் கணக்காக்கி 1953இல் எழுதினார்கள். இயற்கை ரப்பரைக் கொண்டு பொறியியல் வடிவமைப்புச் செய்வதற்கான லிண்ட்லியின் கையேடு 1964இல் மலாயா ரப்பர் நிதி வாரியத்தின் வழியே வந்தது. ரப்பர் விளைவித்தவர்களின் அமைப்புகள், அதைக் கொண்டு பாகம் வடிவமைக்கும் கணக்கையும் உலகுக்குத் தந்தன!

நம் நிலை என்ன? நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு மேற்கே, கல்குளம், விளவங்கோடு மலையோரங்களில் ரப்பர் விளைகிறது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இயங்குகிறது. ஆயினும் பெரும்பகுதிச் சரக்கு ஷீட்டாகவும் பாலாகவுமே மலையிறங்குகிறது. வடிவமைப்பு வாகன நிறுவனத்தின் கையில்தானே, சிறு பட்டறை என்ன செய்யும் என்று கேட்கலாம். புது வண்டிக்கு அது பொருந்தும். ஓடித் தேய்ந்த பேருந்துக்கும் லாரிக்கும் மாற்றுப் பாகம் செய்பவருக்கு அந்தத் தடை இல்லை. எண்ணெயும் கடும் வெப்பமும் படும் இடங்களுக்கு இயற்கை ரப்பர் ஆகாது, அவற்றை விட்டுவிடலாம். புஷ்ஷும் எஞ்சின் மவுண்டும் போதும்.

நாகர்கோவில் கோணத்தில் உள்ள பொறியியல் கல்லூரியும் ரப்பர் கழகமும் சேர்ந்து முதலில் ஒரு சோதனை செய்யட்டும். ஒரே கலவையில் இரு தொகுதிப் புஷ்கள்: ஒன்றின் வெளிக்குழாயை நெருக்கியும், மற்றதை அப்படியே விட்டும், ஒரே சுமையில் ஆட்டி, எத்தனையாவது சுற்றில் எது கிழிகிறது என்று எண்ணி, அந்த எண்களை மார்த்தாண்டத்துப் பட்டறைக்காரரும் படிக்கும் தமிழில் வெளியிட வேண்டும்.