மூன்றும் ஐந்தும்: நெட்வொர்க் லாக்கில் அபாய எண்கள் வந்த வழி

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றான அஸ்தம்பட்டியில், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்காடு சாலையோரம் ஒரு மருத்துவமனை. யுபிஎஸ் பேட்டரி தாங்காமல் ரௌட்டர் அணைகிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் மறுபடி எழுகிறது. அது சிஸ்கோ ரௌட்டர் என்றால் லாக்கில் விழும் வரிகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ‘%சிஸ்-5-ரீஸ்டார்ட்’ என்றால் கருவியே அணைந்து எழுந்திருக்கிறது. ‘%லிங்க்-3-அப்டவுன்’ என்ற வரி, இங்கே, ஒரு போர்ட் வேலைக்கு வந்துவிட்டதைச் சொல்கிறது. நடுவில் நிற்கும் எண்தான் தீவிர நிலை. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். ஆக, ரௌட்டர் செத்துப் பிழைத்தது வெறும் ‘நோட்டீஸ்’. போர்ட் நல்லபடியாக எழுந்தது ‘எரர்’!

இது சிஸ்கோவின் கவனக்குறைவு மட்டுமல்ல. வேர் 1980களின் கலிபோர்னியாவில் இருக்கிறது.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் ‘சென்ட்மெயில்’ என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். தபால் எங்கே சிக்கியது, எது திரும்பி வந்தது என்று குறித்துவைக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காகப் பிறந்ததுதான் சிஸ்லாக். 1983இல் வெளியான 4.2 பி.எஸ்.டி இயங்குதளத்தோடு அது மற்றவர்கள் கைக்கும் போனது. அந்த முதல் வடிவத்தில், செய்தி எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்று சொல்ல இடம் இல்லை. 1986இன் 4.3 பி.எஸ்.டியில்தான் பிரிவும் தீவிரமும் தனித்தனியாகப் பிரிந்தன. கெர்னலுக்கு 0, மின்னஞ்சலுக்கு 2 என்று பிரிவுகளுக்கு எண் கிடைத்தது. தீவிரத்துக்கு எட்டுப் படிகள்: எமர்ஜென்சி 0, அலெர்ட் 1, கிரிட்டிக்கல் 2, எரர் 3, வார்னிங் 4, நோட்டீஸ் 5, இன்ஃபர்மேஷனல் 6, டீபக் 7. எட்டு என்பதால் மூன்று பிட்டுக்குள் அடங்கிவிடும். பிரிவு எண்ணை எட்டால் பெருக்கித் தீவிரத்தைக் கூட்டினால், செய்தியின் தலையில் நிற்கும் ஒற்றை எண் வந்துவிடும். சிஸ்கோ கருவிகள் வழக்கமாக 23ஆம் பிரிவில் பேசுபவை. எனவே மேற்சொன்ன எரர் 187 என்றும், நோட்டீஸ் 189 என்றும் சர்வருக்கு வந்து சேரும்.

அந்தப் படிகளுக்குப் பெர்க்லி கையேடு தந்த விளக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. எமர்ஜென்சி என்றால் எல்லாப் பயனர்களுக்கும் அறிவிக்க வேண்டியது. அலெர்ட் என்றால் உடனே சரிசெய்ய வேண்டியது. எடுத்துக்காட்டு, கெட்டுப்போன சிஸ்டம் டேட்டாபேஸ். கிரிட்டிக்கலுக்கு எடுத்துக்காட்டு வன்பொருள் பழுது. நோட்டீஸ் என்பது பிழை அல்ல, ஆனாலும் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கலாம். பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒற்றைக் கணினியை மனதில் வைத்து எழுதியவை இவை. யார் திரையில் காட்டுவது, யாரை எழுப்புவது என்பதே அங்கே கேள்வி. ரௌட்டருக்கும் சுவிட்சுக்கும் அப்படிப் பயனர்கள் கிடையாது. அளவுகோல் மட்டும் அவற்றுக்கு இடம்பெயர்ந்தது.

தொலைபேசித் துறை வேறு வழியில் போனது. 1992இல் வந்த எக்ஸ்.733 பரிந்துரையில் கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங் ஆகியவற்றோடு ‘கிளியர்ட்’ என்றும் ஒரு நிலை உண்டு: பழுது தீர்ந்தது என்று சொல்ல. சிஸ்லாக்கில் அப்படி ஒரு படி இல்லாததால்தான் போர்ட் விழுந்தாலும் எழுந்தாலும் அதே 3 விழுகிறது. பெர்க்லிக்காரர்களைவிடத் தொலைபேசிக்காரர்கள் தெளிவாக யோசித்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சிஸ்லாக் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எழுதப்படாத வழக்கமாகவே ஓடியது. 2001 ஆகஸ்டில் சிஸ்கோவைச் சேர்ந்த கிறிஸ் லான்விக் எழுதிய ஆர்.எஃப்.சி 3164 என்ற ஆவணம்கூட விதி வகுக்கவில்லை. நடைமுறையில் இருந்ததைப் பதிவுசெய்ததோடு நின்றது. முறையான தரம் 2009 மார்ச்சில் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் எழுதிய ஆர்.எஃப்.சி 5424. அதுவும் தீவிர நிலைகளின் பொருளைக் கட்டாயமாக்கவில்லை. தீவிரம் என்பது அவரவர் பார்வை, அனுப்புகிற எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்துவதாக எண்ண வேண்டாம் என்றே எச்சரிக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி 5674, தொலைபேசித் துறையின் நிலைகளைச் சிஸ்லாக் எண்களோடு பொருத்திக் காட்டியது. ‘கிளியர்ட்’ அதில் நோட்டீஸ் ஆனது.

இனி, செய்தியே வராத நிலை. பழைய சிஸ்லாக் யு.டி.பி 514ஆம் போர்ட்டில் அனுப்பியதோடு சரி; போய்ச் சேர்ந்ததா என்று கருவிக்குத் தெரியாது. வெளி இணைப்பு அறுந்தால், அறுந்தது என்ற செய்தி அந்த அறுந்த வழியாகத்தான் போக வேண்டும். கடலூர், நாகப்பட்டினம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை வகுத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். அங்கே எண் ஏற ஏற ஆபத்து. 8, 9, 10 பெரும் அபாயம். 11 புயலின் அளவைச் சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். சிஸ்லாக்கின் எட்டுப் படிகளில் இந்தப் பதினொன்றுக்கு இடமில்லை. அதனால்தான் கண்காணிப்பு சர்வர் கருவியைத் தானே பிங் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் லாக்கைச் சேமிப்பதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்கையும் 180 நாள் பாதுகாக்க வேண்டும், கடிகாரங்களை நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும், குறிப்பிட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. தீவிர எண்ணைப் பற்றி அந்த உத்தரவில் பேச்சில்லை.

எனவே, சேமிப்பதற்கு ஒரு வரம்பும், ஆளை எழுப்புவதற்கு வேறு வரம்பும் வைப்பதே சரி. சிஸ்கோ கருவி, மாற்றாமல் விட்டால், 6 வரையுள்ள எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பும். அதை அப்படியே விட்டுவிடலாம். அலைபேசிக்கு மணி அடிக்கும் விதியை ‘4க்குக் கீழ் எல்லாம்’ என்று எண்ணைக் கொண்டு மட்டும் எழுதக் கூடாது. அஸ்தம்பட்டியானாலும் அமைந்தகரையானாலும் ‘சிஸ்-5-ரீஸ்டார்ட்’ போன்ற வரிகளைப் பெயர் சொல்லிச் சேர்த்து, போர்ட் எழுந்ததைச் சொல்லும் 3களைப் பெயர் சொல்லி நீக்குங்கள்.