தறிக்காரனின் அட்வான்ஸும் ஆட்டக்காரனின் விலையும்

 

"சார், நெய்மாரை 222 மில்லியன் யூரோவுக்கு வாங்கினார்களே, அவ்வளவும் அவருக்கேவா?" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். 2024 ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். அது அவருடைய சம்பளம். 2017இல் நெய்மாருக்காகப் பாரீஸிலிருந்து வந்த தொகையோ, பழைய கிளப்பான பார்சிலோனாவின் கணக்கில் சேர்ந்தது. சம்பளம் தனி.

எங்கள் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டில், வீரராஜேந்திர சோழன் காலத்துப் பதினைந்து படுக்கை மருத்துவமனையின் கணக்கு இருக்கிறது. வைத்தியருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு என்று நெல்லும் காசும் வெட்டியிருக்கிறார்கள். வேலை செய்தவர் கைக்கே போகும் கூலி அது. டிரான்ஸ்ஃபர் தொகை வேறு ரகம். அதைப் புரிந்துகொள்ளக் கல்வெட்டைவிடத் தறி உதவும்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் கூலிக்கு நெய்பவர் பலர் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். கல்யாணம், வைத்தியம், ஓட்டு வீடு என்று அது ஏறிக்கொண்டே போகும். வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் புதியவர் பழைய பாக்கியைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். பணம் முதலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் கைமாறும். நெசவாளிக்குக் கடன் அப்படியே இருக்கும், கடன்காரர்தான் மாறியிருப்பார். அந்த அட்வான்ஸுக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் நான் வாசித்திருக்கிறேன், பதில் வராது.

இது ஆதியிலிருந்தே இப்படி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளர் வியாபாரியின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நினைத்தபோது விலகிக்கொள்ள முடிந்தது என்று வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி எழுதியிருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த வாசல் அடைபட்டது. கூலி, சந்தை எல்லாம் பிறகு. முதலில் சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

கால்பந்திலும் அதே கதை. இங்கிலாந்தில் 1890களிலேயே, கிளப் விடுவிக்காமல் ஆட்டக்காரர் வேறு கிளப்புக்கு ஆட முடியாது என்று விதி செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் முடியாது! 1905இல் ஆல்ஃப் காமன் சண்டர்லாண்டிலிருந்து மிடில்ஸ்பரோவுக்குப் போனார். விலை 1,000 பவுன். உலகிலேயே முதல் ஆயிரம் அதுதான். அப்போது ஓர் ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று உச்சவரம்பு வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் தலைக்குக் கைமாறிய பணத்தைச் சம்பளமாகச் சம்பாதிக்க 250 வாரம், அதாவது ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும்.

உச்சவரம்பு 1961இல்தான் போனது. ஜார்ஜ் ஈஸ்தாம் வழக்குப் போட்டு, 1963இல் பழைய பிடி தளர்ந்தது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜியத்துக்காரர் போஸ்மன் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவருக்கு விலை கேட்கக்கூடாது என்றது. அதோடு டிரான்ஸ்ஃபர் தொகை ஒழிந்தது என்று அன்று பலர் நினைத்தார்கள். கிளப்புகள் விட்டுவிடுமா? நல்ல ஆட்டக்காரர்களுக்கு நீண்ட ஒப்பந்தமாகப் போட்டுக்கொண்டன. இன்று விற்பனையாவது ஆட்டக்காரரின் காலல்ல, ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருடங்கள். தொலைக்காட்சிப் பணமும் சேர, 1979இல் பத்து லட்சம் பவுனாக இருந்த இங்கிலாந்தின் உச்ச விலை 2025இல் லிவர்பூல் வாங்கிய இசாக்குக்கு 125 மில்லியன் பவுன் ஆகிவிட்டது.

இனி ஏறுமா? என் கணிப்பில், இதைப் பணக்காரர்களின் பையைவிட லசானா தியாரா வழக்குத்தான் தீர்மானிக்கும். மாஸ்கோ கிளப்போடு ஒப்பந்தம் முறிந்ததும், அவர் ஒரு கோடியே ஐந்து லட்சம் யூரோ கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அவரைச் சேர்க்க நினைத்த பெல்ஜியம் கிளப், அந்தக் கடன் தன் தலையிலும் விழும் என்று தயங்கியது. அதே பழைய பாக்கி! புதிய கிளப்பும் சேர்ந்து கட்ட வேண்டும் என்ற ஃபிஃபா விதி ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2024 அக்டோபர் 4இல் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கயிறு அறுந்தால், கிளப்புகளுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு சம்பளமாக மாறும். ஆனால் ஆளை வளர்த்து விற்றுப் பிழைக்கும் சிறிய கிளப்புகள் திண்டாடும். அதையும் மறைக்கக்கூடாது.

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போன அன்வர் அலி விவகாரத்தில், 2024 செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் குழு, ஆட்டக்காரரும் ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்.சி.யும் சேர்ந்து 12.90 கோடி கட்ட வேண்டும் என்றது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது.

ஊரில் டீம் நடத்தும் தம்பிகளுக்கு ஒரு தகவல். வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம், அந்த ஆட்டக்காரரை 12 வயது முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயதுவரை வருடத்துக்குக் கால் சதவீதம். நெய்மார் தொகையில் அது 5,55,000 யூரோ. சங்கத்தில் பதிவான கிளப்புக்குத்தான் இது கிடைக்கும். கிளப்பையும் பையன்களையும் பதிவு செய்து வையுங்கள். பிறந்த தேதியைச் சரியாக எழுதுங்கள்.