பிரேக் தூசியை ஊதாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நாக்பூரில், குவார்ட்டர்ஸ் வாசலிலேயே காரை ஜாக்கியில் தூக்கி, பின் சக்கர டிஸ்க் பிரேக் பேடுகளை நானே மாற்றினேன். (பி.காம். படித்தவனுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டாயிற்று.) பழைய பேடைச் சுற்றிக் கறுப்புத் தூசி. ஊதுவதற்கு வாயைக் குவித்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்தத் தூசிக்கு ஒரு கதை உண்டு.

டிஸ்க் பிரேக்குக்கு 1902-இல் இங்கிலாந்தில் பேடண்ட் வாங்கியவர் பிரெடரிக் லான்செஸ்டர். அவர் வைத்தது செம்புப் பேட். இரும்புத் தட்டில் செம்பு உரசினால் என்ன சத்தம் வரும்! புழுதி ரோட்டில் சீக்கிரம் தேய்ந்தும் போனது. அதே காலத்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் டெர்பிஷயரில் குதிரை வண்டிகளுக்கு பிரேக் லைனிங் செய்துகொண்டிருந்தார். ஃபெரோடோ என்ற பெயர் அவர் பெயரின் எழுத்துக்களை மாற்றிப்போட்டு வந்ததுதான். பருத்தியும் தோலும் சூட்டில் கருகின. அவர் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸுக்கு வந்து சேர்ந்தார். எரியாது, கத்தாது, விலையும் மலிவு. உலகமே பின்னால் போனது.

டிஸ்க் பிரேக்குக்கு மரியாதை வந்தது 1953-இல், லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில். டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப், சராசரி 170 கி.மீ. வேகத்தில் ஓடி ஜெயித்தது. டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு விடும். டிஸ்க் திறந்த காற்றில் ஆறிவிடும். அப்படியும் சாதாரணக் கார்களில் பின் சக்கரத்துக்கு டிஸ்க் வர ரொம்ப நாள் ஆயிற்று. பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாய்வதால் பின்னால் வேலை குறைவு. ஹேண்ட்பிரேக் வைக்கவும் டிரம்தான் வசதி. டிஸ்க்கில் அதை காலிப்பருக்குள்ளேயே மரையாக வைத்தார்கள். அதனால் என் காரில் பின் பிஸ்டனை வெறுமனே அமுக்கக் கூடாது, திருகிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். இது தெரியாமல் முதல் சக்கரத்தில் அரை மணி நேரம் முக்கினேன் :-)

ஆஸ்பெஸ்டாஸ் கணக்கின் பற்றுப் பக்கம் வேறு. ராச்டேல் ஊர் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-இல் 33 வயதில் இறந்தார். நுரையீரலில் அந்த நார் இருந்ததை டாக்டர் குக் எழுதி வைத்தார். ஆலை நஷ்ட ஈடு தரவில்லை. பிரிட்டனில் 1931-இல் தொழிற்சாலைகளுக்கு விதி வந்தது. பட்டறையில் டிரம்மைத் திறந்து தூசி ஊதும் மெக்கானிக்கை அந்த விதி தொடவில்லை. முழுத் தடை 1999-இல்தான். இந்தியாவில் இன்னும் முழுத் தடை கிடையாது.

என் சித்தப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் லைனிங் ரிவிட் அடித்தவர். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயைப் பிடித்து ஒரே ஊது, பட்டறையே புகைமூட்டமாகும். நாங்கள் பொடிசுகள் கைதட்டுவோம். ஐம்பத்தெட்டு வயதில் மூச்சு முட்டியே போனார். பீடிதான் காரணம் என்றார் டாக்டர். இருக்கலாம். வேறு யாரும் எதையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வாங்கிய பேடின் அட்டைப்பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சடித்திருக்கிறது. கழற்றிய பழையது எந்த வகையோ. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டேன். பிறகு பெடலைக் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.