பழவேற்காட்டுக் கோட்டையும் மண்ணின் வெப்பமும்

பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை, 1690இல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்தின் தலைமையிடமாய் விளங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதனை இடித்தனர். முட்புதர் மூடிய மேடும் அகழியின் தடமுமே எஞ்சியுள்ளன. அருகிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைகளைக் காண வருவோர் பலர். கோட்டை மேட்டை நோக்குவார் சிலரே. கோட்டையின் உருவைப் பழைய வரைபடங்கள் காட்டும். அவ்வுரு நிலத்தில் எவ்விடத்து எவ்வளவில் கிடக்கிறது என்பதை வரைபடம் மட்டும் சொல்லாது. தோண்டாமல் அதனை அறிதற்கு மேல்மண்ணின் வெப்பம் துணையாகுமா என ஈண்டு ஆராய்வாம்.

உலர்ந்த மணல் ஞாயிறு எழுந்ததும் விரைந்து சூடேறும்; இரவில் விரைந்து குளிரும். செங்கற் கட்டடமோ வெப்பத்தை மெல்ல ஏற்று மெல்ல விடும். ஆதலின் சுவர் புதைந்த இடத்து மேல்மண் நண்பகலில் சுற்றுமண்ணினும் சற்றுக் குளிர்ந்தும், வைகறையில் சற்று வெம்மையாயும் இருக்கும். இச்சிறு வேறுபாட்டை அகச்சிவப்புக் கதிரை உணரும் கருவி பதிவு செய்யும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புளூ ஜே என்னும் பழங்குடியிருப்பின் மேல் ஆளில்லா வானூர்தியில் இக்கருவியைச் செலுத்தி, ஆய்வாளர் புதைந்த சுவர்களைக் கண்டனர். அவ்வாய்வு 2014இல் வெளிவந்தது. அங்கும் விடியுமுன் எடுத்த படமே தெளிவாயிருந்தது.

பழவேற்காட்டில் ஈரமே பெருந்தடை. ஈரமண்ணும் செங்கல்லைப் போன்றே மெல்லக் குளிர்வதால், தூர்ந்த அகழியும் புதைந்த சுவரும் வைகறைப் படத்தில் ஒன்றுபோல் தோன்றி மயக்கும். நண்பகற் படத்தையும் உடன்வைத்து நோக்கின் மயக்கம் பெரிதும் நீங்கும். நீர் ஆவியாதலால் அகழி மிகக் குளிர்ந்து காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் உடனே அளத்தல் வீண். பங்குனி, சித்திரையே ஏற்ற காலம் என்பது எம் கருத்து. புதரையும் முன்னரே அகற்றல் வேண்டும். இன்றேல் கருவி அளப்பது இலையின் வெப்பத்தையே.

ஆழமும் ஓர் எல்லை. பகலிரவு வெப்ப அலை 10 முதல் 15 செண்டிமீட்டர் ஆழத்திலேயே ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறுகும். அரை மீட்டருக்குக் கீழ் அதன் சுவடே அரிது. கும்மிடிப்பூண்டி முதல் காட்டுப்பள்ளி வரை தொழிற்கூடங்கள் பெருகும் இப்பகுதியில் இது பொருட்படுத்தத்தக்கது. தாழ்நிலத்தில் கட்டடம் எழுமுன் மண் கொட்டி உயர்த்துதல் வழக்கம். ஒரு மீட்டர் மண் கொட்டிவிட்டால் இம்முறை அங்கு ஒன்றும் காட்டாது. ஆகவே கோட்டை மேட்டையும் அதனைச் சூழ்ந்த வெற்று நிலத்தையும் ஒருங்கே இப்பொழுதே அளந்து, படத்தில் நேர்கோடாய்த் தோன்றும் இடங்களில் சிறு குழி அகழ்ந்து சரிபார்த்தல் தக்கது.